மரமஞ்சள்: ஒரு பெயரும் இரு தாவரக் குடும்பங்களும்

0. முன்னுரை

தாவரப் பெயராய்வில் மொழியியலும் தாவரவியலும் ஒன்றன் துணையை மற்றொன்று நாடவேண்டிய இடங்கள் பல உள. 'மரமஞ்சள்' என்னும் பெயர் அத்தகைய இடங்களுள் ஒன்று. நாட்டு மருந்துக் கடைகளிலும் மருத்துவ நூல்களிலும் பயிலும் இப்பெயர், வடமொழி மருத்துவ நூல்களில் வரும் 'தாருஹரித்ரா' என்பதற்கு நேரான சொல்லாகக் கொள்ளப்படுகிறது. வடஇந்தியாவில் தாருஹரித்ரா எனப்படுவது இமயமலையில் வளரும் ஒரு முட்செடி. அது பெர்பெரிடேசியே என்னும் தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதே மருந்தாகக் கொள்ளப்படுவதோ மெனிஸ்பெர்மேசியே என்னும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்த பெருங்கொடி. பெயர் ஒன்று, தாவரம் இரண்டு.

இவ்வேறுபாட்டைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் பெயரின் அமைப்பையும், இரு தாவரங்களின் இயல்புகளையும் சேர்த்து நோக்கும்போது வேறொரு விளக்கம் புலப்படுகிறது. மரமஞ்சள் என்பது தாவரத்தின் பெயராகத் தோன்றாமல் மருந்துச் சரக்கின் பெயராகத் தோன்றியது என்பதே அவ்விளக்கம். இக்கட்டுரை, பெர்பெரிடேசியே குடும்பம் பற்றிய ஆய்வுகளைத் துணையாகக் கொண்டு இக்கருத்தை நிறுவவும், அதனால் அகராதிக்கும் காட்டுக்கும் விளையும் பயனைச் சுட்டவும் முற்படுகிறது.

1. பெயரின் அமைப்பு

1.1 'மரமஞ்சள்' என்பது மரம், மஞ்சள் என்னும் இரு சொற்களாலாகிய தொகை. தமிழ்த் தொகையில் பின்மொழி தலைமையுடையதாகலின், இது 'மரமாகிய மஞ்சள்' என்று பொருள்படும். ஆனால் இப்பெயரால் வழங்கும் இரு தாவரங்களுள் ஒன்றேனும் மரமன்று. ஒன்று புதர், மற்றொன்று கொடி. அவ்வாறாயின் 'மரம்' என்னும் முன்மொழி எதனைச் சுட்டுகிறது என்னும் வினா எழுகிறது.

தமிழில் 'மரம்' என்னும் சொல் வளர்ந்து நிற்கும் தாவரத்தையும், வெட்டிய கட்டையையும் ஒருங்கே குறிக்கும். மரத்தால் செய்த பெட்டி என்னும்போது இரண்டாம் பொருளே கொள்ளப்படுகிறது. தொல்காப்பிய மரபியல் அகக்காழ் உடையவற்றை மரமென்றும், புறக்காழ் உடையவற்றைப் புல்லென்றும் பாகுபடுத்துவது, உள்வயிரமாகிய கட்டைத்தன்மையே அச்சொல்லின் அடிப்படை என்பதற்குச் சான்றாகும். எனவே மரமஞ்சள் என்பது 'கட்டையாக உள்ள மஞ்சள்', அதாவது கிழங்காக உள்ள மஞ்சளிலிருந்து வேறான மஞ்சள் என்று பொருள் கொள்ளத்தக்கது.

1.2 வடமொழிப் பெயரும் இதனையே உணர்த்துகிறது. வடமொழியில் நிற்கும் மரத்தை 'விருட்சம்' என்பர். 'தாரு' என்பது சிறப்பாகக் கட்டையைக் குறிக்கும். ஹரித்ரா என்பது மஞ்சள். மருத்துவ நூல்களில் ஹரித்ராவும் தாருஹரித்ராவும் இணையாகவே பேசப்படுகின்றன. இரண்டையும் சேர்த்து 'இரு மஞ்சள்கள்' என ஒரே சொல்லால் சுட்டும் வழக்கும் உண்டு. மேலும், 'இரவு' என்று பொருள்படும் 'நிசா' என்னும் சொல் வடமொழியில் மஞ்சளுக்குரிய மறுபெயர்களுள் ஒன்று. அதனையொட்டித் 'தாருநிசா' என்னும் பெயரும் அமைந்துள்ளது. மஞ்சளின் மறுபெயரோடும் 'தாரு' என்பது சேர்ந்து புதுப்பெயர் தருமாயின், அப்பெயர் செடியைக் கண்டு இட்ட பெயரன்று. இணைச் சரக்கை நோக்கி ஆக்கிய பெயர் என்பது தெளிவு.

1.3 பிற திராவிட மொழிகளிலும் இதே அமைப்பு காணப்படுகிறது. மலையாளத்தில் மரமஞ்ஞள், கன்னடத்தில் மரதரிசின, தெலுங்கில் மானுபசுபு என்னும் பெயர்கள் யாவும் 'கட்டை' அல்லது 'மரம்' என்னும் சொல்லும், 'மஞ்சள்' என்னும் சொல்லும் இணைந்தவையே. இந்தியின் தாருஹல்தியும் அவ்வாறே.

இவற்றுக்கு மாறாக, செடியோடு நாள்தோறும் பழகும் மக்களிடையே வழங்கும் பெயர்கள் வேறு வகையின. குமாவூன் மலைப்பகுதியில் கில்மோரா என்றும், நேபாளத்தில் சுத்ரோ என்றும் இம்முட்செடிகளை அழைப்பர். நீலகிரியில் வளரும் இதே பேரினச் செடிக்கு 'ஊசிக்களா' என்று பெயர். முள்ளையும், களாப்பழம் போன்ற உண்ணத்தகும் கனியையும் நோக்கி எழுந்த பெயர் இது. இலங்கையில் சிங்களர் தென்னாட்டு மரமஞ்சளை 'வெனிவெல்' என்பர். 'வெல்' என்பது கொடி. முள்ளும் கனியும் கொடித்தன்மையும் காட்டில் நிற்கும் தாவரத்தில் காணப்படுவன. மஞ்சள் நிறமோ வெட்டிய பின்னரே காணப்படுவது. வட்டாரப் பெயர் தாவரத்தைப் பெயரிடுகிறது. வணிகப் பெயர் சரக்கைப் பெயரிடுகிறது என்னும் வேறுபாடு இங்குக் கருதத்தக்கது.

2. பெர்பெரிடேசியே குடும்பம்

2.1 இக்குடும்பத்தை 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் அந்துவான் லோரான் த ஜூசியே வகுத்தார். இதில் ஏறத்தாழ 700 சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை பெர்பெரிஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடங்கும். எஞ்சிய பேரினங்கள் பல, ஒன்றிரண்டு சிற்றினங்களையே உடையன. வடபுலத்தின் மிதவெப்பப் பகுதிகளே இக்குடும்பத்தின் முதன்மையான வாழிடம். பெர்பெரிஸ் மட்டும் தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலைத்தொடர் வரை பரவியுள்ளது.

பெர்பெரிஸ் செடியின் பூவில் புல்லிகள், அல்லிகள், மகரந்தத்தாள்கள் யாவும் பெரும்பாலும் மும்மூன்றாக வட்டங்களில் அமைந்துள்ளன. அல்லியின் அடியில் இரண்டு தேன்சுரப்பிகள் உண்டு. மகரந்தப்பை பெரும்பான்மையான தாவரங்களில் நீள்வாக்கில் வெடிக்கும். இங்கோ சிறு கதவுகள் போன்ற இரண்டு மடல்கள் கீழிருந்து மேலாகத் திறந்துகொள்கின்றன. நந்தினா, போடோபில்லம் ஆகியவை நீங்கலாக இக்குடும்பத்தின் பேரினங்களில் இவ்வியல்பு காணப்படுவதால், இது சிறந்த அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

மகரந்தத்தாள்கள் தொடுவுணர்ச்சி உடையன. தேனை நாடி வரும் பூச்சி தாளின் அடிப்பகுதியைத் தீண்டியவுடன், அல்லியின் குழிவில் சாய்ந்திருக்கும் தாள் விரைந்து உள்நோக்கி வளைந்து மகரந்தத்தைப் பூச்சியின் மீது பூசிவிடுகிறது. ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1788-இலேயே இதனைச் சோதித்து எழுதியுள்ளார்.

பெர்பெரிஸ் செடியின் முட்களும் ஆய்வுக்குரியன. நெடுந்தண்டில் காணும் மூன்று கிளையுடைய முள் உண்மையில் உருமாறிய இலையே ஆகும். அம்முள்ளின் கோணத்திலிருந்து குறுந்தண்டு தோன்றி, பசிய இலைகளையும் பூங்கொத்தையும் தாங்குகிறது. செடியைக் கண்டவுடன் அறிய இஃது ஒன்றே போதும்.

2.2 பேரின அளவில் தெளிவாகவுள்ள இக்குடும்பம், சிற்றின அளவில் மிகுந்த சிக்கலுடையது. தண்டில் முள்ளின்றிக் கூட்டிலை உடையவற்றைத் தாமஸ் நட்டால் 1818-இல் மஹோனியா என்னும் தனிப் பேரினமாக்கினார். அதனைப் பெர்பெரிஸோடு சேர்ப்பதா, பிரிப்பதா என்னும் விவாதம் நெடுநாள் நீடித்தது. அஹ்ரென்ட் 1961-இல் வெளியிட்ட திருத்தாய்வு இரண்டையும் தனித்தனியே கொண்டு, பெர்பெரிஸில் மட்டும் ஏறத்தாழ 500 சிற்றினங்களை விவரித்தது. மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் 2017-இல் வெளியான வகைப்பாடும் மஹோனியாவைத் தனிப் பேரினமாக ஏற்றதோடு, மேலும் இரு சிறு பேரினங்களையும் பிரித்தது.

இந்தியாவின் மருந்துச் சரக்கைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் நுண்ணியது. தாருஹரித்ராவுக்கு இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் ஏற்பது பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா என்னும் சிற்றினத்தை. ஆயினும் இமயமலைச் சந்தைகளில் பெர்பெரிஸ் ஏசியாட்டிகா, பெர்பெரிஸ் லைசியம், பெர்பெரிஸ் சித்ரியா முதலியனவும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றைப் பூவும் கனியும் இலையும் கொண்டே பிரித்தறிய இயலும். சந்தைக்கு வருவதோ வேரும் தண்டும் மட்டுமே.

மரபணு வரிக்குறியீடு இச்சிக்கலைத் தீர்க்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் இந்தியப் பெர்பெரிஸ் சிற்றினங்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2010-இல் வெளியான ஆய்வு, பொதுவாகப் பயன்படும் குறியீட்டுப் பகுதிகளால் இச்சிற்றினங்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறிய இயலவில்லை என்று காட்டியது. அண்மைக் காலத்தில் கிளைத்த சிற்றினங்களாக இருத்தலும், அவை தம்முள் கலப்புறுதலும் இத்தகைய நிலைக்குக் காரணமாகக் கருதப்படுவன. எனவே உலர்தாவரத் தொகுப்பும், அதில் உள்ள வகைமாதிரியும், களத்தில் செடியைக் கண்டறியும் பயிற்சியும் இன்றும் தவிர்க்க இயலாதனவாகவே உள்ளன.

3. தென்னாட்டு மரமஞ்சள்

3.1 மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் காசினியம் பெனஸ்டிரேட்டம் என்பதே தென்னாட்டு வழக்கில் மரமஞ்சள். சீந்தில்கொடி அடங்கிய மெனிஸ்பெர்மேசியே குடும்பத்தைச் சார்ந்த இது, ஈரப்பதம் மிக்க காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் கட்டைத்தன்மையுடைய கொடி. காசினியம் என்னும் பேரினத்தை வகுத்தவர் ஹென்றி தாமஸ் கோல்புரூக். வடமொழி இலக்கணமும் சட்டநூல்களும் பற்றிய ஆய்வால் அறியப்படும் அதே அறிஞர், இந்தியக் கொடிகளையும் ஆராய்ந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

3.2 காட்டில் கண்டால் இரண்டையும் மயங்குவதற்கு இடமே இல்லை. பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா ஏறத்தாழ 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் வளரும் நிமிர்ந்த முட்புதர். காசினியம் முள்ளற்ற கொடி. முன்னதன் இலை சிறியது. பின்னதன் இலை அகன்றது, அடிப்புறம் வெண்ணிற மயிர்கள் போர்த்தது. முன்னதன் பூ மஞ்சள் நிறமான இருபாற்பூ. பின்னதன் பூக்கள் மிகச் சிறியன, உருண்டையான கொத்துகளாக அமைவன, ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு கொடிகளில் தோன்றுவன.

இலையும் பூவும் நீங்கிய கட்டைத்துண்டாக வரும்போதுதான் மயக்கம் எழுகிறது. இரண்டும் மஞ்சள் நிறத்தன. இரண்டும் கைப்புச் சுவையுடையன. எனினும் குறுக்குவெட்டை நோக்கினால் வேறுபாடு புலனாகும். காசினியத்தின் கட்டையில் சைலக்குழாய்கள் பெரியன. வெறுங்கண்ணுக்கே துளைகளாகத் தெரிவன. அவற்றிடையே ஓடும் அகன்ற கதிர்களால் வெட்டுமுகம் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களை ஒத்துத் தோன்றும். பெர்பெரிஸின் கட்டை நெருக்கமானது. அதன் சிறு துளைகளைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

4. இரண்டையும் இணைக்கும் வேதிப்பொருள்

இருவேறு குடும்பத் தாவரங்கள் ஒரே மருந்தாகக் கொள்ளப்பட்டதற்கு நிறம் மட்டுமே காரணமன்று. இரண்டின் மஞ்சள் நிறத்துக்கும் கைப்புக்கும் காரணம் பெர்பெரின் என்னும் ஆல்கலாய்டு. அதனோடு பால்மட்டின், ஜட்ரோரைசின் என்னும் நெருங்கிய ஆல்கலாய்டுகளும் இரண்டிலும் கிடைத்துள்ளன. புறஊதா ஒளியில் பெர்பெரின் பளிச்சிடும் மஞ்சளாக ஒளிரும்.

கிழங்கு மஞ்சளின் நிறப்பொருளோ குர்குமின். அஃது ஆல்கலாய்டு அன்று. சுண்ணாம்பு பட்டவுடன் கிழங்கு மஞ்சள் சிவப்பதை இல்லங்களில் யாவரும் அறிவர். மரமஞ்சள் அவ்வாறு குங்குமச் சிவப்பாவதில்லை. ஆகவே 'மஞ்சள்' என்னும் பெயர்ப்பகுதி நிறத்தின் ஒப்புமையே அன்றிப் பொருளின் ஒப்புமையன்று.

இனி, பெர்பெரிடேசியேயும் மெனிஸ்பெர்மேசியேயும் இன்றைய வகைப்பாட்டில் ரனன்குலேல்ஸ் என்னும் ஒரே வரிசையில் அடங்குகின்றன. மரபணு ஆய்வுகளின்படி பெர்பெரிடேசியேக்கு மிக நெருங்கிய குடும்பம் ரனன்குலேசியே. அவ்விரண்டுக்கும் அடுத்த உறவு மெனிஸ்பெர்மேசியே. பெர்பெரின் இவ்வரிசையின் பல குடும்பங்களில் காணப்படுகிறது. அருணாசலப் பிரதேசத்தின் மிஷ்மி மலையில் வளரும் காப்டிஸ் டீட்டாவின் மஞ்சள் நிற வேரிலும் அதுவே உள்ளது. ஆகவே நிறத்தையும் சுவையையும் அளவுகோலாகக் கொண்ட பழைய மருத்துவர், தாவர உறவை அறியாமலேயே உறவுடைய இரு குடும்பங்களை ஒரு பெயரின்கீழ்க் கொண்டுவந்தனர் எனலாம்.

இதனால் இரண்டும் முற்றிலும் ஒன்றே என்பது பெறப்படாது. பெர்பெரிஸில் பெர்பமின், ஆக்சியகாந்தின் முதலிய வேறு ஆல்கலாய்டுகளும் உள்ளன. எவ்வெவை எவ்வளவில் உள்ளன என்பது சிற்றினத்தையும், உறுப்பையும், வளரிடத்தையும் பொறுத்து மாறும். ஒரு சரக்கைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றுக்குப் பெயரொற்றுமையால் மட்டும் ஏற்றிவிட இயலாது.

5. இடம்பெயர்ந்த மற்றொரு பெயர்

சரக்கின் பெயர் தாவரம் மாறுவதற்கு இக்குடும்ப வரலாற்றிலேயே இன்னொரு சான்று உண்டு. பெர்பெரிஸின் வேரையும் தண்டையும் நீரில் காய்ச்சி இறுக்கிய சாறு வடமொழியில் ரசாஞ்சனம், இந்தியில் ரசௌத் எனப்படும். இது கண்நோய் மருந்து. கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரைடிஸ் 'லைக்கியான்' என்னும் கண்மருந்தைப் பற்றிக் கூறுமிடத்து இந்தியாவிலிருந்து வரும் வகையே சிறந்தது என்கிறார். செங்கடல் வழிநூலாகிய பெரிப்ளஸ், சிந்து முகத்துவாரத்துப் பார்பரிக்கம் துறையிலிருந்தும் பரூச் துறையிலிருந்தும் லைக்கியான் ஏற்றுமதியானதைக் குறிக்கிறது. ஜான் போர்ப்ஸ் ராயில் 1833-இல் லின்னேயக் கழகத்தில் படித்த கட்டுரையில், இந்திய லைக்கியான் என்பது ரசௌத்தே என்று நிறுவினார்.

'லைக்கியான்' என்னும் பெயர் ஆசியா மைனரின் லைசியா நாட்டிலிருந்து வந்தது. முதலில் அந்நாட்டு முட்செடி ஒன்றன் சாற்றைக் குறித்த பெயர், ஒத்த பயன் கருதி இமயமலைச் செடியின் சாற்றுக்கும் ஆயிற்று. பின்னர் லின்னேயஸ் 'லைசியம்' என்னும் அப்பெயரைக் கத்தரிக் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்கு இட்டார். இன்று தாவரவியலில் லைசியம் என்றால் கத்தரிக் குடும்பம்; பெர்பெரிஸ் லைசியம் என்றால் மட்டுமே பழைய மருந்தின் நினைவு. மரமஞ்சளின் வரலாறு தனித்ததன்று என்பதை இது காட்டுகிறது.

6. பெயர்த் தெளிவின் தேவை

6.1 பெயரைத் தெளிவாக்குவது ஏட்டளவில் நின்றுவிடும் பணியன்று. கோதுமையின் கருந்தண்டுத் துருநோயை உண்டாக்கும் பூஞ்சை, தன் வாழ்க்கைச் சுற்றின் ஒரு பகுதியைப் பெர்பெரிஸ் இலையில் கழிக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் அன்டன் டெ பாரி 1865-இல் மெய்ப்பித்தார். அமெரிக்காவில் 1918-இல் தொடங்கிய பெர்பெரிஸ் ஒழிப்புப் பணியில் எது அழிக்கத்தக்கது, எது விடத்தக்கது என்பதைச் சிற்றினப் பெயரே தீர்மானித்தது. நோயேற்கும் பெர்பெரிஸ் வல்காரிஸ் அழிக்கப்பட்டது. நோயை எதிர்க்கும் பெர்பெரிஸ் துன்பெர்கி வேலிச்செடியாக விடப்பட்டது. இந்தியாவிலோ நிலை வேறு. ஆக்ராவில் ஆய்வு நடத்திய கே. சி. மேத்தா, நம் நாட்டில் இந்நோய் பெர்பெரிஸை நம்பி வாழ்வதில்லை. சமவெளியின் கோடையில் அழியும் பூஞ்சை நீலகிரி, பழனி மலைகள் போன்ற குளிர்ந்த இடங்களின் கோதுமைப் பயிரில் தங்கி மீண்டும் சமவெளிக்குப் பரவுகிறது என்று நிறுவினார். இவ்வாய்வுக்குப் பின் நீலகிரியின் ஊசிக்களா நோய்ப்பழியிலிருந்து விடுபட்டது.

6.2 மரமஞ்சளைப் பொறுத்தவரை தேவை இன்னும் உடனடியானது. காசினியம் மெல்ல வளர்வது. தண்டையே சரக்காகக் கொள்வதால் அறுவடை என்பது கொடியையே வெட்டுவதாகும். ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனியாகலின், ஒரு காட்டில் ஒருபாற் கொடிகள் அருகிவிட்டால் எஞ்சியவை உயிரோடிருந்தும் விதை தருவதில்லை. இமயமலைப் பெர்பெரிஸின் வேரைத் தோண்டுவதும் செடியை அழிப்பதே. காசினியமும், பெர்பெரிடேசியே குடும்பத்தைச் சார்ந்த இமயமலைப் போடோபில்லமும் 1998-இல் இந்திய அரசின் ஏற்றுமதித் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. போடோபில்லம் 1990-இலேயே உலக வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலும் சேர்க்கப்பட்டது. புற்றுநோய் மருந்தாகிய எட்டோபோசைடு அதன் வேர்ப்பொருளிலிருந்தே பெறப்படுவது.

பாதுகாப்புப் பட்டியல்கள் தாவரத்தின் பெயரால் எழுதப்படுகின்றன. சந்தைக் கணக்குகளோ சரக்கின் பெயரால் எழுதப்படுகின்றன. இத்தனை மூட்டை மரமஞ்சள் விற்றது என்னும் கணக்கிலிருந்து, வெட்டப்பட்டது மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடியா, இமயத்தின் புதரா என்பதை அறிய வழியில்லை. எத்தாவரம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்னும் மதிப்பீடு இங்கேயே தடைப்படுகிறது. பெயரின் மயக்கம் காட்டின் இழப்பை மறைத்துவிடுகிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ. மரமஞ்சள், தாருஹரித்ரா ஆகியன கட்டையாக உள்ள மஞ்சள் நிறச் சரக்கைக் குறிக்க எழுந்த பெயர்கள். எனவே வடநாட்டில் பெர்பெரிஸையும் தென்னாட்டில் காசினியத்தையும் குறிப்பது சொல்லின் இயல்புக்கு மாறானதன்று.

ஆ. அப்பெயரைத் தாவரப் பெயராகக் கையாளும்போதே பிழை நேர்கிறது. அகராதிகளில் இச்சொல்லுக்கு 'ஒரு மரம்' அல்லது 'ஒரு கொடி' என்று பொருள் தருவதினும், முதலில் சரக்கின் விளக்கத்தைத் தந்து, அதன்கீழ் வட்டாரந்தோறும் அதற்குரிய தாவரத்தைத் தனித்தனியே சுட்டுவது பொருந்தும்.

இ. மருந்துப் பொதிவிலும் ஆய்வுரையிலும் சரக்குப் பெயரோடு சிற்றினப் பெயர், உறுப்பு, திரட்டிய இடம் ஆகிய மூன்றையும் தருதல் வேண்டும். தமிழில் எழுதுவோர் 'கொடி மரமஞ்சள்', 'இமய மரமஞ்சள்' என அடைகொடுத்து வழங்கலாம். நீலகிரிச் செடிக்கு ஊசிக்களா என்னும் நல்ல பெயர் ஏற்கெனவே உள்ளது.

ஈ. கில்மோரா, ஊசிக்களா, வெனிவெல் போன்ற வட்டாரப் பெயர்கள் தாவரத்தின் உருவையும் வாழ்வையும் பற்றி நிற்பன. களஆய்வில் இவற்றைத் திரட்டி, உலர்தாவரப் படிவத்தோடு இணைத்துப் பதிவு செய்தல் மொழியாய்வாளரும் தாவரவியலாரும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணியாகும். அத்தகைய பதிவு அமைந்தால், மரமஞ்சள் என்னும் சொல்லைக் காணும் வாசகர் எச்செடியைக் கருதவேண்டும் என்பதையும், வனத்துறையினர் எச்செடியைக் காக்கவேண்டும் என்பதையும் ஒரே ஏடு உணர்த்தும்.